மருத்துவர் கேட்காததும் நாம் சொல்லாததும்

தமிழில் சில சொற்களை விளம்பரக்காரர்கள் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றுள் ஒன்று ‘நரம்புத் தளர்ச்சி’. தமிழக வார இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு அது எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. இன்ன ஊரில், இன்ன விடுதியில், இன்ன தேதியில் வைத்தியர் தங்குவார். நரம்புத் தளர்ச்சி உள்ளவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். கூச்சத்தையே மூலதனமாக வைத்து நடக்கும் வியாபாரம் அது. அதன் விளைவு என்ன? உண்மையாகவே நரம்பு தளர்ந்துபோன ஒருவர் இன்று அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார்.

சிரிப்புக்குரிய செய்தியன்று இது. அந்தக் கூச்சத்தால் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பதே மாதக்கணக்கில் தெரியாமல் போகக்கூடும் என்றால் நம்புவீர்களா? எப்படி என்று சொல்கிறேன்.

லாம்பர்ட்-ஈட்டன் என்றொரு நோய் உண்டு. 1956-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் லாம்பர்ட், லீ ஈட்டன் ஆகியோர் தம் சகாக்களோடு சேர்ந்து விவரித்த நோய். பத்து லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கும். “அவ்வளவு அரிதான நோய்க்கு நம் ஆண்டிதழில் ஒரு கட்டுரையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சற்றுப் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

மூளையின் கட்டளை நரம்பின் நுனி வரைக்கும் மின்துடிப்பாக வருகிறது. நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. அதை மின்துடிப்பால் தாண்ட முடியாது. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் தாண்டிப் போய்த் தசையைத் தட்டி எழுப்புகிறது. நரம்பு நுனிக்குள் கால்சியம் நுழைந்தால்தான் அந்த வேதிப்பொருள் வெளியே கொட்டும். கால்சியம் நுழையும் அந்த வாயில்களை நம் உடலின் எதிர்ப்பொருள்களே பகை என்று எண்ணித் தாக்கி, அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதுதான் லாம்பர்ட்-ஈட்டன் நோய். தன்னுடல் தாக்குநோய்களில் ஒன்று. தொடையும் இடுப்பும் முதலில் தளரும். நாற்காலியிலிருந்து எழுவது சிரமம், படியேறுவது சிரமம். வேடிக்கை என்னவென்றால், சில விநாடி தம்பிடித்துத் தசையை இறுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு வலிமை திரும்பி வரும். திரும்பத் திரும்ப முயலும்போது நுனிக்குள் கால்சியம் சேர்ந்துகொள்வதே காரணம்.

இதுவரை சொன்னது தசையின் கதை. ஆனால் அசிட்டைல்கோலின் தசைக்கு மட்டும் சொந்தமானது இல்லையே! நாம் நினைக்காமலேயே நடக்கும் வேலைகள் உடலில் எத்தனையோ இருக்கின்றன. உமிழ்நீர் சுரக்கிறது, குடல் அசைகிறது, வியர்க்கிறது, கண்ணின் பாவை சுருங்கி விரிகிறது, எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் குழாய்கள் இறுகுகின்றன. இவற்றையெல்லாம் கவனித்துக்கொள்வது தானியங்கு நரம்பு மண்டலம். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லாங்லி 1898-இல் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைத்தார். (‘தானியங்கு’ சரியா, ‘தன்னியக்க’ சரியா என்று நம்மவர் விவாதிக்கலாம். அது ஓய்ந்தபாடில்லை.) அந்த நரம்புகளின் நுனியிலும் கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. எனவே எதிர்ப்பொருள்கள் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. நோயாளிகளின் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, தானியங்கு நரம்புகளும் பழுதாவதை 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே லாம்பர்ட்-ஈட்டன் நோயாளிகள் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்தத் தொல்லைகளும் சேர்ந்தே வருகின்றன. வாய் வறட்சிதான் பெரும்பாலோருக்கு. பிறகு மலச்சிக்கல், எழுந்தால் கண் இருட்டுவது, வியர்வை குறைவது. ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு.

இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். லாம்பர்ட்-ஈட்டன் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் மறைந்திருக்கும். அந்தப் புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் அதே கால்சியம் வாயில்களை வைத்திருக்கின்றன. உடல் புற்றை எதிர்த்துப் படை அனுப்புகிறது. அந்தப் படை நரம்புகளையும் அடித்து நொறுக்குகிறது. பலருக்கும் நரம்புத் தொல்லைகள் முதலில் வரும், புற்றுநோய் பிறகுதான் கண்ணில் படும். அப்படியானால் யாருக்குப் புற்றுநோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படிக் கணிப்பது? நெதர்லாந்து, பிரிட்டிஷ் நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2011-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். மொத்தம் ஆறு கேள்விகள். பேச்சோ விழுங்குவதோ சீக்கிரமே தடுமாறியதா? உடல் எடை குறைந்ததா? நோய் தொடங்கியபோது புகைத்துக்கொண்டிருந்தாரா? அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருந்ததா? அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியாத அளவுக்குத் தளர்ந்துவிட்டாரா? ஆறாவது, ஆணாக இருந்தால், ஆண்மைக் குறைவு ஏற்பட்டதா? ‘ஆம்’ என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். 0 அல்லது 1 வந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் 90 விழுக்காட்டுக்கும் அதிகம்!

படியேற முடியவில்லை என்பதை நம் ஆள் சொல்லிவிடுவார். எடை குறைந்ததை எடைப்பொறி சொல்லிவிடும். புகைப்பதைச் சட்டையின் வாடையே சொல்லிவிடும். ஆறில் ஒன்றை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். அந்த ஒரு மதிப்பெண்ணை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருகிறார்.

எங்கள் உறவினர் ஒருவர் லாரி ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயது. லாரியின் படியில் கால் வைத்து ஏறுவதற்குக் கையால் தொடையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. எங்கே போனாலும் கையில் தண்ணீர்ப் புட்டி. ஏற்கெனவே அவருக்குக் கொஞ்சம் சர்க்கரை இருந்ததால், போன இடமெல்லாம் சர்க்கரையையே காரணமாகச் சொல்லி மாத்திரையைக் கூட்டினார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போனபோது மலாய் பேசத் தெரிந்த மகளையும் அழைத்துப் போனார். ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை. மருத்துவர் இளைஞர், நல்லவர். வேறு ஏதாவது சிக்கல் உண்டா என்று மலாயில் கேட்டார். மகள் திரும்பி, “வேற ஏதும் இருக்காப்பா?” என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒன்னுமில்லம்மா, ஒன்னுமில்லன்னு சொல்லு” என்றார். கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் பதிவாயிற்று. எட்டு மாதம் கழித்து, இன்னொரு மருத்துவமனையில், நடுவயதுத் தமிழர் ஒருவர், அங்கே மருத்துவ உதவியாளர், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே தனியாகப் பேச்சுக் கொடுத்தார். “என்ன அண்ணே, வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?” என்றாராம். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதன் பிறகுதான் நரம்புச் சோதனை, பிறகு நெஞ்சு ஸ்கேன், பிறகு நுரையீரலில் கட்டி.

மகள் மொழிபெயர்த்ததில் பிழையே இல்லை. அந்த மருத்துவரும் கடமை தவறவில்லை. பதினேழு வயது மகளின் வாய்வழியாக ஒரு தகப்பன் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த ஏற்பாடுதான் தவறு. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இப்படிச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டியோடு, அம்மாவோடு, மாமாவோடு காலை ஆறு மணிக்கே அரசாங்க மருத்துவமனைக்குப் போய் எண் எடுத்துக் காத்திருந்த அனுபவம் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது இருக்கும்.

முன்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரிய நோய்க்கு ஏன் கட்டுரை? நம் சமூகத்தில் சர்க்கரை அவ்வளவு அதிகம் என்பதால்தான். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர்! நாட்பட்ட நீரிழிவும் இதே தானியங்கு நரம்புகளைத்தான் கெடுக்கிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்தால் மயக்கம், ஆண்மைக் குறைவு என்று அதே பட்டியல். ஆகவே நம்மவர் ஒருவருக்கு இவை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சர்க்கரையின் தலையில் போட்டுவிடுகிறோம். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையின் நரம்புக் கேடு வழக்கமாகக் கால்விரல்களில் மரமரப்பாகத் தொடங்கி மேலே ஏறும். தொடை முதலில் தளர்வது அதன் வழக்கமில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைப்பதற்கு, நோயாளி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சரி, சர்க்கரையாகவே இருந்தாலும், அந்த மூன்றில் ஒருவருக்கும் இதே கேள்விகளைக் கேட்டாக வேண்டுமே! அவர்களும் வாய் திறப்பதில்லை.

நம்மவரிடம் இவற்றைச் சொல்லச் சொற்கள் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டி எப்படிப் பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். “எழுந்து நின்னா கண்ணைக் கட்டுது” என்பார். இரத்த அழுத்தம் இறங்கி மூளைக்கு இரத்தம் குறையும்போது நடப்பது அச்சு அசல் அதுதான். “தலை கிறுகிறுங்குது, வீடே சுத்துது” என்றால் அது வேறு. காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கலாம். “மயக்கம் போட்டு விழுந்துட்டேன்” என்றால் அது மூன்றாவது. மருத்துவருக்கு இம்மூன்றும் மூன்று வேறு பாதைகள். ஆனால் மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை மூன்றையும் ‘பெனிங்’ என்ற ஒரே மலாய்ச் சொல்லில் அடைத்துக் கொடுத்துவிடுகிறான். தமிழில் துல்லியமாகச் சொல்லப்பட்டது கோப்பில் மொட்டையாகப் பதிவாகிறது. அதேபோல ‘அசதி’ வேறு, ‘கால் சொன்ன பேச்சைக் கேக்கல’ வேறு. முன்னது களைப்பு, பின்னது தசையின் தளர்ச்சி. நரம்பியல் மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புவதே இந்த வேறுபாட்டைத்தான்.

இன்னொரு பக்கம், நம் சொற்களே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. வாய் வறண்டால் ‘உடம்புச் சூடு’, தலை சுற்றினால் ‘பித்தம்’, வயிறு உப்பினால் ‘வாயு’. ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு மருந்து. இளநீர், எலுமிச்சை, ஓமத் தண்ணீர். இவற்றைக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் சூடு, பித்தம், வாயு என்று மூன்றாகப் பிரித்துவிட்ட பிறகு, மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று யாருக்குத் தோன்றும்?

லாம்பர்ட்-ஈட்டனின் நெருங்கிய உறவுகள் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மயஸ்தீனியா கிரேவிஸ் என்பது சற்றுப் பரவலானது. அதில் வாயில்கள் நன்றாகத்தான் இருக்கும். தசையின் பக்கம் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள்தாம் தாக்கப்படுகின்றன. தசையின் ஏற்பியும் தானியங்கு நரம்புகளின் ஏற்பிகளும் வெவ்வேறு அமைப்புடையவை என்பதால், பெரும்பாலான மயஸ்தீனியா நோயாளிகளுக்குத் தானியங்கு மண்டலம் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் மருந்து அதை விடுவதில்லை! பிரிடோஸ்டிக்மின் மாத்திரை உடல் முழுவதும் அசிட்டைல்கோலினைக் கூட்டிவிடும். இமை திறக்கும், கை தூக்க முடியும். கூடவே வயிறு முறுக்கும், பேதியாகும், வாயில் நீர் ஊறும், வியர்த்துக் கொட்டும். “இந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கல” என்று நம்மவர் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார். அளவை மாற்றலாம், வயிற்றுக்குத் துணை மருந்து தரலாம். கழிவறைக்கு எத்தனை முறை போனார் என்று அவர் சொன்னால்தானே!

கில்லன் பாரே இன்னும் பயங்கரமானது. முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல், இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் கண்டு விவரிக்கப்பட்ட நோய். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன சில நாள்களில் கால் மரத்து, தளர்ச்சி மேல்நோக்கி ஏறும். 2025-இன் தொடக்கத்தில் இந்தியாவின் புனே நகரில் 200-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்ததாகக் கணக்கெடுத்தார்கள். அசுத்தத் தண்ணீர் மீது சந்தேகம் விழுந்தது. குடும்பத்தார் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் அசைகிறதா, முட்டி மடங்குகிறதா என்று. ஆனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்குத் தானியங்கு நரம்புகளும் கெடுகின்றன. இரத்த அழுத்தம் காலையில் வானத்தில், மாலையில் பாதாளத்தில். இதயத் துடிப்பு ஓடும், திடீரென நிற்கும். மூச்சுக்குழாய்ச் சளியை உறிஞ்சி எடுக்கும் நேரத்தில்கூட இதயம் நின்றுபோகக்கூடும். சிறுநீர் வெளியேறாமல் வயிறு வீங்கும். “கால்தானே வரலை, நெஞ்சுல ஏன் கம்பி ஒட்டி வைக்கிறாங்க?” என்று உறவினர்கள் கேட்பதற்கு விடை இதுதான். சில வீடுகளில் அந்தக் கம்பிகளைப் பார்த்துப் பயந்து, ‘சாதாரண’ வார்டுக்கு மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னால் போதும்.

நம் மாணவர் கழகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் கோவில் வளாகங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்துகிறோம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம், நாற்காலியில் உட்கார வைத்து இரத்த அழுத்தம் பார்க்கிறோம், கையேடு கொடுத்து அனுப்புகிறோம். நல்ல காரியம். ஆனால் உட்கார வைத்துப் பார்த்தால் இந்தத் தொல்லை பிடிபடாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்றதும் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு பாய், ஒரு கருவி, ஒரு கடிகாரம். இதற்குத் தனியாக ஒரு வெள்ளி கூடச் செலவில்லை.

இன்னொன்று. இரவு விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை எடுத்து, மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களும் தமிழ் படிக்கும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் எழுதலாம். மொழிபெயர்ப்புத் தமிழ் வேண்டவே வேண்டாம். “தங்களுக்கு நிலைசார் குறை இரத்த அழுத்தம் உண்டா?” என்று கேட்டால் எந்தத் தோட்டத்துப் பாட்டி பதில் சொல்வார்? “எழுந்து நின்னா கண்ணைக் கட்டுதா? சோறு தண்ணியில்லாம இறங்குதா, நாக்கு மேல ஒட்டிக்குதா? வெளிய போயி எத்தன நாளாச்சு? வெயில்ல நின்னாலும் வேர்க்கலையா?” என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். பக்கத்திலேயே மலாயும் ஆங்கிலமும் இருக்கட்டும். அவர் தமிழில் குறியிட, மருத்துவர் தம் மொழியில் படித்துக்கொள்வார். யாரும் நடுவில் நிற்க வேண்டியதில்லை.

ஆண்களுக்கான அந்த ஒரு கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுத முடியாது. விளம்பரக்காரர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். ‘ஆண்மைக் குறைவு’ என்றால் வசைபோல ஒலிக்கிறது. அந்த மருத்துவ உதவியாளர் கேட்டதே எனக்கு நல்ல தமிழாகத் தோன்றுகிறது. தாளின் கடைசியில் அதை அப்படியே போடலாம். அதற்கு முன் வரியில், சிறிய எழுத்தில், கூட வந்த பிள்ளையைக் கேண்டீனுக்கு அனுப்பி ஒரு தே ஆ வாங்கி வரச் சொல்லுங்கள் என்று எழுதிவிட வேண்டும்.